கொழுந்து மாடியில் காய்ந்த கன்வர்ட்டர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஸ்டோரில் மெஷின் சத்தம் அடங்கியிருந்தது. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். திடீரென்று மேல்மாடியிலிருந்து தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான சிங்கள அதிகாரி, டீமேக்கர் ஹேரத் மாத்தயாவின் குரல் கேட்டது.

"சந்தனம்! மொகக்த மே? என்னா இது? மேல வா!"

சந்தனம் என் கணவர். அந்த ஸ்டோரின் பிட்டர். ரோலர் நின்றாலும் பெல்ட் அறுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். நானும் கைத்தடியை ஊன்றி, மடங்காத இடது காலை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பின்னால் ஏறினேன். சண்டை நடக்கிற இடத்துக்குப் போகாமல் இருக்க என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை.

அது கொழுந்து வாட்டுகிற மாடி. சாக்குத்துணி கட்டிய தட்டுகள் வரிசை வரிசையாக இருக்கும். ஞாயிறு என்பதால் எல்லாம் காலி. ஒரே ஒரு தட்டில் மட்டும், நட்ட நடுவில், பருத்த பூசணிக்காய் அளவில் ஒரு இரும்பு உருண்டை கிடந்தது. காலையில் அணைத்த அடுப்பின் சூடு இன்னும் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த இதமான காற்றில் அது சுகமாகப் படுத்திருந்தது.

"இது கொழுந்தா?" என்றார் ஹேரத் மாத்தயா.

"இல்லீங்க மாத்தயா. கார் சாமான். கன்வர்ட்டருன்னு சொல்லுவாங்க."

"ரோலர்ல போட்டா எத்தன பெட்டி தூள் வரும்?"

என் கணவர் தலையைச் சொறிந்தார். "கழுவி வச்சேங்க. உள்ள ஈரம் போவல. காயப் போட இத விட நல்ல காத்து எங்கங்க இருக்கு?"

நான் சிரித்துவிட்டேன். ஹேரத் மாத்தயா என்னை முறைத்தார். பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை. மூன்று பேருமாக அந்த இரும்பைச் சுற்றி நின்று சிரித்தோம். நாங்கள் சிரித்தது அந்த வேலையிலேயே நடந்த பெரிய தப்பைப் பார்த்துத்தான் என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

எனக்குக் கார் எதற்கு

இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தப் பத்தியில், "அப்போது நான் காரில் போய் இறங்கினேன்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். கொட்டகலையிலிருந்து ஒரு வாசகி, "தோட்டத்து மிட்வைஃபுக்குக் கார் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் கதை விடுகிறீர்களோ?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான சந்தேகம்தான். அம்மா, கதையை முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டம் திம்புள்ளப் பக்கம். தோட்டத்தின் பிரிவுகளைக் கணக்கு என்போம். எனக்குப் பொறுப்பாக நான்கு கணக்குகள் இருந்தன. அதில் மேல்கணக்கு, பேருக்கு ஏற்ற மாதிரி, மேகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே ஒரு பெண்ணுக்கு வலி கண்டால் நான் பையைத் தூக்கிக்கொண்டு குறுக்குப் படியில் ஏறுவேன். கல்யாணமான புதிதில் ஒரே மூச்சில் ஏறிவிடுவேன்.

ஒரு மழை நாளில் அந்தப் படியில் வழுக்கி விழுந்தேன். முழங்கால் சிப்பி உடைந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, அவிழ்த்து, கடைசியில் கால் நேராக நின்றது. நேராகவேதான் நின்றது, மடங்கவில்லை.

கொஞ்ச நாள் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிப் போனார்கள். எனக்கு அது அறவே பிடிக்கவில்லை. நாலு பேர் தூக்கிப் போக எனக்கு இன்னும் காலம் வரவில்லை என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

தோட்டத்து மேனேஜரான பெரிய துரை நல்ல மனிதர். ஆனால் அவருக்கும் மேலே வி.ஏ. துரை என்று ஒருவர் உண்டு. கம்பெனிக்காக அவ்வப்போது தோட்டத்தைச் சோதனை போட வருகிறவர். அவர் கையெழுத்துக்கு முன்னால் பெரிய துரையின் கையெழுத்து செல்லாது. அடுத்த தடவை அவர் வரும்போது மிட்வைஃப் மேல்கணக்குக்குப் போய்வர முடிகிறதா என்று பார்ப்பார், முடியாவிட்டால் வேறு ஆள் போடச் சொல்லுவார் என்று பெரிய துரை என்னிடம் மறைக்காமல் சொன்னார்.

வேறு ஆள்! அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் ஓடித் திரிகிற வாண்டுகளில் பாதிப் பேரை இந்தக் கையில்தான் வாங்கியிருக்கிறேன். வேலை போனால் மாசச் சம்பளம் மட்டுமா போகும்? நானே போய்விடுவேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இரண்டே மிதி

துரை பங்களாவின் கராஜில் ஒரு சாம்பல் நிறக் கார் படுதா போர்த்திக் கிடந்தது. துரைசாணி ஆசைப்பட்டு வாங்கியது. அதில் கிளச் கிடையாது. ஆக்சிலேட்டரும் பிரேக்கும் மட்டும்தான். இரண்டுக்கும் வலது கால் போதும்.

கிளச்சுக்குப் பதிலாக எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவில் இருப்பதுதான் இந்தக் கன்வர்ட்டர். அதன் வயிறு நிறைய எண்ணெய். எஞ்சின் அந்த எண்ணெயைச் சுழற்றும், எண்ணெய் கியரைச் சுழற்றும். அதற்கு மேல் எனக்கும் விளங்காது, உங்களுக்கும் தேவையில்லை.

அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் என் அண்ணன் ராமையா. துரையின் டிரைவர். வாங்கி ஒரு வருஷத்திலேயே கார் படுத்துவிட்டது. கொழும்பிலிருந்து வந்த மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, கியர்ப் பெட்டி தப்பித்தது, கன்வர்ட்டர்தான் போய்விட்டது என்றார்.

"எண்ணெய் ஓட்டமே இல்லாம ஓடியிருக்கே. எப்படி ஓட்டினீங்க?" என்று அண்ணனைக் கேட்டார்.

"எப்பவும் போலத்தாங்க," என்று சொல்லிவிட்டு அண்ணன் எதிர்மலையைப் பார்த்தார். அன்றைக்கு அந்த மலையில் பார்க்க ஒன்றும் இல்லை.

சீமைக்கு எழுதிப் போட்டு, புதுக் கன்வர்ட்டர் கப்பலேறி, ரயிலேறி, பலகைப் பெட்டியில் வந்து சேர ஆறு மாதத்துக்கு மேலாகிவிட்டது. அதற்குள் மெக்கானிக் வெளிநாடு போய்விட்டார், துரைக்கு ஜீப் வந்துவிட்டது. ஹட்டனில் உள்ள கராஜ்காரர்களைக் கேட்டால், கிளச் இல்லாத வண்டியா, ஆளை விடுங்கள் என்றார்கள்.

நான் கைத்தடியோடு ஆபீசுக்குப் போய் துரையிடம் கேட்டேன். அவர் என் காலைப் பார்த்தார், யோசித்தார். "சந்தனம் பூட்டி ஓட வச்சா நீ ரவுண்டு போக எடுத்துக்கோ," என்றார். வி.ஏ. துரை வர மூன்று வாரம் இருந்தது.

தோசைக்கல்லும் அவரும்

ஸ்டோர் பிட்டருக்கு எண்ணெய் ஒரு பகையாளி. மெஷினுக்கு விடத்தான் வேண்டும், ஆனால் ஒரு சொட்டு வெளியே வரக்கூடாது. தேயிலையில் அந்த வாசம் ஏறினால் கொழும்பில் ருசி பார்க்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். அதற்கு முன்னால் ஹேரத் மாத்தயாவின் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

அதனால் எந்த இரும்பு கைக்கு வந்தாலும் என் கணவருக்கு முதல் வேலை அதை மண்ணெண்ணெயில் கழுவுவது. அப்புறம் சோடாவும் சுடுதண்ணியும். அப்புறம் காயப் போடுவது. கடைசியில் மோந்து பார்ப்பார். ஒரு வாசமும் இல்லை என்றால்தான் அவருக்கு நிம்மதி.

கல்யாணமான புதிதில் என் தோசைக்கல்லையும் ஒருநாள் அப்படிக் கழுவி, பளபளவென்று கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாரம் எங்கள் வீட்டில் தோசை கல்லைவிட்டு வரவில்லை. சுரண்டிச் சுரண்டித் தின்றோம்.

சீமையிலிருந்து வந்த கன்வர்ட்டரின் வாயில் ஒரு மூடி இருந்தது. திறந்தால் உள்ளே கொஞ்சம் எண்ணெய். "பார்த்தியா புஷ்பம், அழுக்கோடயே அனுப்பி வச்சிருக்கானுங்க," என்றார். பிறகு நடந்ததுதான் நீங்கள் மேலே படித்தது.

காரோடு ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் வந்திருந்தது. நான் படித்துச் சொல்ல வேண்டும், அவரும் அண்ணனும் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. ஸ்டோருக்குப் பின்னால் லொறி நிறுத்துகிற கொட்டகையில், ஆள் இறங்கி நின்று வேலை செய்கிற குழிக்கு மேலே காரை நிறுத்தியிருந்தோம். நான் ஒரு தேயிலைப் பெட்டியில் உட்கார்ந்து படித்தேன். முதல் மூன்று பக்கம் ஜாக்கிரதை, ஜாக்கிரதை என்றே போனது.

நான்காம் பக்கத்தைத் திருப்பும்போது, தொழிலாளர்களின் ஒற்றைக் காம்பரா வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். "நர்சம்மா, லெச்சுமி அக்காவுக்கு வலி கண்டிருச்சுங்க!"

பக்கத்து லயம்தான். புத்தகத்தின் மூலையை மடித்து வைத்தேன்.

"ஏங்க, நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க."

"சரி, சரி. போயிட்டு வா."

லெச்சுமிக்குப் பெண் குழந்தை. நான் கை கழுவித் திரும்பி வந்தபோது சாயங்காலமாகியிருந்தது. கன்வர்ட்டர் பூட்டி, கியர்ப் பெட்டி ஏற்றி, கடைசி போல்ட்டும் இறுக்கி முடிந்திருந்தது. தொடாதீர்கள் என்று நான் சொன்னது காற்றோடு போயிருந்தது. இரண்டு ஆண்களும் மாப்பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

"நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள நாங்க பூட்டிட்டோம்ல!" என்றார் அண்ணன்.

மாதுளைச் சாறு நிறத்தில் ஒரு எண்ணெய். அதைக் கியர்ப் பெட்டியில் அளவுக்கோல் நனையும் வரை ஊற்றினார்கள். அண்ணன் ஏறி ஸ்டார்ட் பண்ணினார். எஞ்சின் உடனே பிடித்தது. லீவரைத் தள்ளினார். கார் அசையவில்லை. அடியிலிருந்து ஒரு ஊளைச் சத்தம் கிளம்பியது. கொட்டகை நாய் எழுந்து ஓடிப்போனது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று நான் கத்தினேன்.

புத்தகத்தின் மடித்த பக்கத்தைத் திறந்தேன். முதல் வரியே அதுதான். கன்வர்ட்டரைப் பூட்டுவதற்கு முன் அதன் வயிற்றில் எண்ணெய் ஊற்ற வேண்டும்.

"ஏங்க, அதுக்குள்ள எண்ணெய் ஊத்துனீங்களா?"

"ஊத்துறதா? இருந்ததையே நான் கழுவி எடுத்தேன்!"

நான் அவரைப் பார்த்தேன். "தோசைக்கல்லு," என்றேன்.

அந்த ஒரு வார்த்தை போதும். அவர் அப்படியே குழியின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. திட்டவும் செய்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் எனக்காகத்தான் அதை அவ்வளவு சுத்தமாகக் கழுவியிருந்தார்.

அமுக்காதீங்க

வறண்ட வயிற்றோடு சுற்றினால் கியர்ப் பெட்டிக்குள் எண்ணெயை ஓட்டுகிற பம்ப் தேய்ந்து போகும் என்று புத்தகம் மிரட்டியது. அந்த வாரம் சாயங்காலங்களில் எல்லாவற்றையும் மறுபடி இறக்கினார்கள். கடவுள் புண்ணியத்தில் பம்பில் ஒரு கீறல் கூட இல்லை. கொஞ்ச நேரம்தான் ஓடியது, அதனால் பிழைத்தது.

அடுத்த ஞாயிறு. வி.ஏ. துரை வரும் வெள்ளிக்கிழமை வருகிறார் என்று தகவல் வந்துவிட்டது. கியர்ப் பெட்டியைச் சாக்கு மேல் செங்குத்தாக நிறுத்தி, கன்வர்ட்டருக்குள் எண்ணெய் ஊற்றி, இரண்டு பேருமாகத் தூக்கி அதன் தண்டில் இறக்கினார்கள். போன தடவை சமர்த்தாக உள்ளே போனது, இந்தத் தடவை பாதியில் நின்றுகொண்டது.

அமுக்கினார்கள். தட்டினார்கள். என் கணவர் அதற்கு மேலேயே ஏறி உட்கார்ந்தும் பார்த்தார். அசையவில்லை.

"மாப்ள, இப்படியே தூக்கி எஞ்சினோட சேர்த்துப் போல்ட்டை இறுக்குவோம். இறுக்க இறுக்கத் தானா உள்ள போயிரும்," என்றார் அண்ணன்.

என் கணவரும் ஸ்பானரை எடுத்துவிட்டார். நான் புத்தகத்தை நீட்டினேன். அங்கே கொட்டை எழுத்தில் இருந்தது. முழுதாக உட்காராமல் போல்ட்டை இறுக்கினால் பம்பின் காது உடைந்துவிடும். உடைந்தால் இன்னொரு கப்பல், இன்னொரு ஆறு மாதம். வெள்ளிக்கிழமைக்கு எனக்கு இருந்தது ஐந்து நாள்.

இரண்டு பேரும் மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்க ஆரம்பித்தார்கள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. அந்த முகத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நேரம் வருவதற்கு முன்னால் முக்குகிற தலைப்பிரசவக்காரியின் முகம் அது.

"அமுக்காதீங்க!" என்று ஒரு அதட்டல் போட்டேன். லயத்துக் காம்பராக்களில் பிரசவம் பார்க்கும்போது போடுகிற அதே அதட்டல். "எந்திரிங்க ரெண்டு பேரும். தள்ளிப் போங்க."

போனார்கள். என் குரலுக்கு அந்தத் தோட்டத்தில் யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

ஒரு சாக்கை விரித்து, மடங்காத காலை நீட்டி, கன்வர்ட்டருக்கு எதிரில் உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் கையைக் கழுவிக்கொண்டேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த ஹேரத் மாத்தயா, "சுடுதண்ணி வேணுமா நர்சம்மா?" என்றார்.

"அடுப்புல வைங்க, சொல்றேன்," என்றேன்.

இரண்டு கையையும் அதன் மேல் வைத்தேன். பிள்ளையின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று வெளியிலிருந்து விரலால் கண்டுபிடிக்கிறவள் நான். உள்ளே ஒரு பல் இன்னொரு பல்லின் மேல் ஏறி நிற்பது கைக்குத் தெரிந்தது. அமுக்காமல், எடையை அதன் போக்கில் விட்டு, மெதுவாகத் திருப்பினேன்.

'டொக்.' ஒரு விரல் கனம் இறங்கியது.

இன்னும் கொஞ்சம் திருப்பினேன். மறுபடி 'டொக்.'

"அவ்வளவுதான், உக்காந்துருச்சு!" என்றார் அண்ணன்.

"இல்ல. மூணு தடவை இறங்கணும்னு போட்டிருக்கு."

மூன்றாவது வரவில்லை. அந்தப் பக்கம் திருப்பினேன், இந்தப் பக்கம் திருப்பினேன். கை வலித்தது. அவசரப்படாதே, அவசரப்படாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எத்தனை பேருக்குச் சொன்ன வார்த்தை, எனக்குச் சொல்லிக்கொண்டது அன்றுதான். கையைத் தளர்த்தி, மூச்சு விட்டு, வந்த வழியே ஒரு மயிரிழை திருப்பினேன்.

'டொக்.'

என் கணவர் இரும்பு அடிக்கோலை எடுத்து ஓரத்திலிருந்து அளந்தார். புத்தகத்தில் இருந்த அளவு அப்படியே இருந்தது.

"இறங்கிருச்சு புஷ்பம்," என்றார்.

நான் எத்தனையோ காம்பராக்களில், எத்தனையோ தாய்மாருக்குச் சொன்ன சொல். என்னிடம் யாரும் சொன்னதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரித்துக்கொண்டேதான் அழுதேன்.

நழுவாமல் கம்பி போட்டுக் கட்டி, தூக்கிப் பூட்டி, மிச்ச எண்ணெயையும் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணினோம். ஊளை இல்லை. அண்ணன் லீவரைத் தள்ளினார். கார் தானாக, மெதுவாக, முற்றத்துக்கு நகர்ந்தது. ஸ்டோர் ஆட்கள் எல்லாரும் கைதட்டினார்கள். ஜீப்பில் பழகிய அண்ணனின் இடது கால், இல்லாத கிளச்சைத் தேடிப்போய் பிரேக்கை ஓங்கி மிதித்தது. முந்திக்கொண்டு பின் சீட்டில் ஏறியிருந்த ஹேரத் மாத்தயாவின் தொப்பி முன் சீட்டுக்கு வந்து சேர்ந்தது.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினோம். யாரோ திருஷ்டி கழிக்கப் பூசணிக்காயும் கொண்டுவந்திருந்தார்கள். அதை உடைக்க என் கணவர் விடவில்லை. அந்த உருவத்தில் எதையும் உடைக்கிற தைரியம் அவருக்கு அன்றைக்கு இல்லை. அது எங்கள் வீட்டில் குழம்பாகிவிட்டது.

மேல்கணக்குக்கு

நான்கு நாள் சாயங்காலம் ஸ்டோர் முற்றத்தில் ஓட்டிப் பழகினேன். தோட்டத்து ரோட்டில் லைசன் கேட்பார் யாரும் இல்லை. நுவரெலியாவுக்குப் போய் அதை எடுத்தது பிறகு.

வெள்ளிக்கிழமை வி.ஏ. துரை வந்து ஆபீசில் உட்கார்ந்த நேரம் பார்த்து, மேல்கணக்கிலிருந்து ஆள் வந்தது. ராக்காயிக்கு வலி. அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஆபீஸ் ஜன்னலைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் பூச்சட்டியில் ஏற்றியிருப்பேன்.

கார் ஏறியது. வளைவுக்கு வளைவு, கியர் தானாக மாறி, முனகாமல் ஏறியது. மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள். "அடியே, நர்சம்மா கார் ஓட்டுறாங்கடி!" என்று ஒருத்தி கத்த, மலை முழுக்கக் குலவை கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வாழ்க்கையில் எனக்கு ஒரு ஊர்வலம் நடந்தது என்றால் அது அதுதான்.

ராக்காயிக்கு ஆண் குழந்தை. சுகப்பிரசவம்.

இறங்கும்போதுதான் அது நடந்தது. முதல் சரிவு தொடங்கியதும் அண்ணனின் கை தானாக நீண்டு, லீவரை நியூட்ரலுக்குத் தள்ளி, எஞ்சினை அணைக்கச் சாவிக்குப் போனது. நான் அந்தக் கையில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

"என்னண்ணே பண்ற?"

"எறக்கந்தானே தங்கச்சி. ஆஃப் பண்ணிட்டா சும்மாவே உருண்டு போயிரும். பெட்ரோல் மிச்சம். நம்ம பக்கம் எல்லா டிரைவரும் செய்றதுதானே. துரைகூட என்னைய மெச்சி..."

சொல்லிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். எனக்குப் புத்தகத்தின் இன்னொரு பக்கம் நினைவுக்கு வந்தது. எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் எண்ணெய் ஓடாது.

"அப்ப அந்தப் பழைய கன்வர்ட்டரைச் சாகடிச்சது நீதானா?"

அண்ணன் எதிர்மலையைப் பார்த்தார். "மாப்ளகிட்ட மட்டும் சொல்லிராத," என்றார்.

சொல்லவில்லை. இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. இந்த வாரம் பத்திரிகை வந்ததும் இரண்டு பேரும் படிப்பார்கள். படிக்கட்டும்.

கீழே ஸ்டோர் வாசலில் வி.ஏ. துரையும் பெரிய துரையும் நின்றிருந்தார்கள். நான் காரை நிறுத்தியதும் என் கணவர் ஓடிவந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராகக் காருக்கடியில் தவழ்ந்துபோய், தரையைத் தடவி, விரலை மோந்து பார்த்தார்.

"ஒரு சொட்டு ஒழுகல," என்று அடியிலிருந்து குரல் வந்தது.

நான் கதவைத் திறந்து, கைத்தடியை ஊன்றி, நீட்டிய காலை வெளியே எடுத்து வைத்தேன். வி.ஏ. துரை அந்தக் காலையே பார்த்தார். அவருக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும்.

"மிட்வைஃப், அந்தக் காலு மடங்காது. எப்படி நீ வேலைக்குப் போறது?"

"இந்தக் காருக்கு அந்தக் கால் தேவையில்லீங்க துரை," என்றேன். "பிள்ளை பொறக்கவும் தேவைப்படல. மேல்கணக்குல ஆம்பளப் புள்ள. ஏழு ராத்தல்."

அவர் பெரிய துரையைப் பார்த்தார். பெரிய துரை வானத்தைப் பார்த்தார். பிறகு வி.ஏ. துரை சிரித்துவிட்டு, கையில் இருந்த புத்தகத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்ட மேல்கணக்குக்குப் போனேன். பக்கத்தில் யாரும் இல்லை. நானே ஓட்டிக்கொண்டு போனேன்.